பள்ளத்தாக்கில் ஒரு கதிரை

நான் பெரு நாட்டுக்குப் போனதற்குக் காரணம் மலைமேல் இருந்த ஆசை அல்ல. மகளோடு போகவிருந்த சிநேகிதிக்குப் புது வேலை கிடைத்து, கடைசி நேரத்தில் அவள் கழன்றுகொண்டாள். கட்டிய காசு திரும்பாது, ஆளை வேண்டுமானால் மாற்றலாம் என்றார்கள். காசு கட்டிய ஓர் இடம் சும்மா வீணாகப் போவதைப் பார்த்துக்கொண்டிருக்கும் தாய் எங்கள் சனத்தில் இன்னும் பிறக்கவில்லை. "நான் வாறன்" என்று சொல்லிவிட்டுத்தான் பெரு உலகப்படத்தில் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தேன்.

என் கணவர் பயண விவரத்தைப் பொறுமையாகக் கேட்டார். முதுகில் மூட்டை. நாள் முழுக்க நடை. பின்னேரம் முன்பின் தெரியாத ஆக்களின் வீட்டில் படுக்கை. அவர்கள் தருவதைச் சாப்பிட்டுவிட்டு, விடிய எழும்பி மறுபடி நடை. இப்படி ஐந்து நாள், ஆழமான ஒரு பள்ளத்தாக்கில் இறங்கி மறுபக்கம் ஏறுவது.

"இதைத்தானே அப்ப சண்டைக்குள்ள சும்மா செய்தனாங்கள்," என்றார். "இப்ப காசு குடுத்து இடம்பெயரப் போறீரோ?"

லண்டனில், மிட்சம் பக்கத்தில் இருக்கும் எங்கள் சொந்தபந்தம் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. நானும் சிரித்தேன். பகிடி நல்ல பகிடிதான், அதில் குறை சொல்ல ஒன்றும் இல்லை.

நடந்து பழக வேண்டும் என்று மகள் கட்டளை போட்டாள். புதுச் சப்பாத்துப் போட்டு, பைக்குள் ஐந்து கிலோ அரிசி வைத்துக்கொண்டு, வேலையால் வந்த கையோடு புல்வெளியைச் சுற்றினேன். ட்ராம் தரிப்பிடத்தில் கோவிலில் கண்டு பழகிய ஒரு பெண் என்னையும் பையையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"என்ன அக்கா, வீட்டில ஏதும் பிரச்சினையோ?"

"ஒண்டுமில்லை, நடந்து பழகுறன்."

அவள் நம்பவில்லை. ஒரு மணித்தியாலம் ஆகவில்லை, தோர்ண்டன் ஹீத்திலிருந்து மச்சாள் போன் எடுத்து, எதுவென்றாலும் மனதுக்குள் வைத்திருக்காமல் தன்னிடம் சொல்லச் சொன்னாள். நான் வீட்டை விட்டு வெளிக்கிட்டுவிட்டேன் என்ற செய்தி எனக்கு முன்னமே ட்ராம் பிடித்துப் போயிருந்தது.

பள்ளத்தாக்கைப் பற்றி அழகாக எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் முதல் நாள் நான் பார்த்தது என் சப்பாத்தையும் அடுத்த கல்லையும் மட்டுமே. மேலே பெரிய கழுகுகள் பறந்தனவாம். எல்லாரும் படம் எடுத்தார்கள். முழங்காலுக்கு மேலே தலையை உயர்த்தினால் விழுந்துவிடுவேன் என்ற பயத்தில் நான் கழுகையும் பார்க்கவில்லை, மலையையும் பார்க்கவில்லை. எங்கள் வழிகாட்டி என் வயதுக்காரர், நல்ல ஆங்கிலம் பேசினார். ஒவ்வொரு வளைவிலும் "இன்னும் கொஞ்சம்தான்" என்றார். எங்கள் சனத்தைப் போலவே பொய் சொன்னார்.

பள்ளத்தாக்கின் அடியில் ஆறு வீடுகள் முறை போட்டு விருந்தாளிகளை வைத்திருக்கின்றன. அங்கே தங்கும் இரண்டு இரவுக்கும் எங்களுக்கு விழுந்த வீட்டுக்காரிக்கு நாற்பது வயதிருக்கும். பூவேலை செய்த வட்டத்தொப்பி, இரட்டைப் பின்னல். கணவன் தூரத்தில் எங்கோ சுரங்கத்தில் வேலை. மூத்த மகள் நகரத்தில் நர்ஸுக்குப் படிக்கிறாளாம். விருந்தாளி முறை வந்தால்தான் அந்தப் பிள்ளை அங்கே அறை வாடகை கட்டிப் படிக்க முடியும் என்று வழிகாட்டி வழியிலேயே சொல்லியிருந்தார்.

வீட்டுக்காரி முற்றத்தில் ஒரு கதிரையைப் போட்டு, அதன்மேல் நெய்த துணியை விரித்து, மலையைக் காட்டி, என்னைக் காட்டி, கதிரையைக் காட்டினாள். இருந்தேன். ஒரு நிமிடம் இருந்திருப்பேன். பின்னால் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் அவள் குழாயடியில் குந்தியிருந்து சட்டிபானைகளைத் தேய்த்துக்கொண்டிருக்கிறாள். நான் எழும்பிவிட்டேன்.

இதைத் தமிழர்களுக்கு விளக்கத் தேவையில்லை. எங்கள் வீட்டுக்கு நாலு பேர் சாப்பிட வந்தால், சாப்பாடு முடிந்ததும் பெண்கள் எல்லாரும் சமையலறைச் சிங்கடியில் நின்று மல்லுக்கட்டுவோம். "விடுங்கோ அக்கா, நான் கழுவுறன்." "நீங்கள் போய் இருங்கோ, இஞ்ச தாங்கோ." ஒரு சட்டியின் இரண்டு காதையும் இரண்டு பேர் பிடித்து இழுப்போம். கடைசியில் விடுகிறவள்தான் மரியாதை தெரிந்தவள். விடாமலே இருந்தால் இன்னும் மரியாதை. விருந்துக்குப் போன இடத்தில் கதிரையில் இருந்து கால் ஆட்டுகிற பெண்ணைப் பற்றி அடுத்த மூன்று மாதம் கதைப்போம்.

ஆகவே நான் அவளுடைய சட்டியைப் பிடித்து இழுத்தேன். அவளும் இழுத்தாள். எனக்கு மனம் நிறைந்துவிட்டது. இவ்வளவு தூரம் பறந்து வந்தும் ஆக்கள் எங்கட ஆக்கள்தான் என்று மகளிடம் சொன்னேன். அவள் இழுத்தது வேறு காரணத்துக்கு என்பது எனக்கு எப்படித் தெரியும்? நான்தான் வென்றேன்.

சட்டி முடிந்ததும் உருளைக்கிழங்கு தோல் சீவினேன். சமையலறைத் தரையில் எலியைவிடப் பெரிய, முயலைவிடச் சின்ன உயிர்கள் ஓடித்திரிந்தன. வளர்ப்பு என்று நினைத்துத் தடவிக் கொடுத்தேன். அவை சமையலுக்கு என்று மகள் பிறகுதான் சொன்னாள். வீட்டுக்காரி என் கையிலிருந்து கத்தியை இரண்டு தரம் வாங்கிப் பார்த்தாள், வேறு கத்தி எடுத்தேன்.

"அம்மா, ப்ளீஸ், ஜஸ்ட் சிட்," என்றாள் மகள்.

"நீ போய்ப் படம் எடு பிள்ளை."

மறுநாள் விடிய நேரத்தோடு எழும்பி முற்றத்தைக் கூட்டிக்கொண்டு நின்றபோது, ஐம்பது வயதுப் பெண் ஒருத்தி கையில் கொப்பியோடு படலையைத் திறந்து வந்தாள். நான் விளக்குமாற்றைச் சாத்திவிட்டு, "வாங்கோ, வாங்கோ, இருங்கோ" என்று எனக்குப் போட்ட கதிரையில் அவளை இருத்தினேன். உள்ளே போய்த் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு வந்து கையில் கொடுத்தேன். அவள் கதிரையின் நுனியில் இருந்து, தேத்தண்ணியைக் குடிக்காமல், கொப்பியில் ஏதோ எழுதினாள். என்னைப் பற்றி நல்லதாகத்தான் எழுதுகிறாள் என்று நினைத்தேன்.

அன்று பகல் வெந்நீர் ஊற்று வரை நடந்துவிட்டுப் பின்னேரம் திரும்பி வந்தோம். எங்கள் பைகள் இரண்டும் படலைக்கு வெளியே வைக்கப்பட்டிருந்தன. காலையில் வந்த பெண் முற்றத்தில் நின்றாள். வீட்டுக்காரி சுவரோடு நின்று நிலத்தைப் பார்த்தாள். அவளுடைய கண்கள் சிவந்திருந்தன.

வழிகாட்டி தயங்கித் தயங்கி விளக்கினார். கொப்பிக்காரி அந்த ஆறு வீட்டுச் சங்கத்தின் தலைவி. போன வருடம் ஒரு பயணி, காசும் வாங்கிக்கொண்டு தன்னைக் கிழங்கு உரிக்க வைத்தார்கள் என்று இணையத்தில் எழுதிவிட்டான். அதிலிருந்து சங்கம் ஒரு சட்டம் வைத்திருக்கிறது. எந்த வீட்டில் விருந்தாளி வேலை செய்கிறாரோ, அந்த வீட்டுக்கு அந்த வருடம் முழுக்க முறை இல்லை. எங்களுக்கு அடுத்த வீட்டில் படுக்கை போட்டிருக்கிறார்கள், மன்னித்துக்கொள்ள வேண்டும் என்றார்.

ஒரு பிள்ளையின் படிப்பில் நான் சட்டி கழுவிய தண்ணீரை ஊற்றியிருக்கிறேன்.

"நானா விரும்பித்தான் செய்தனான் எண்டு சொல்லு," என்றேன் மகளிடம். அவள் தனக்குத் தெரிந்த ஸ்பானிய மொழியில் சொன்னாள். தலைவி தலையை ஆட்டினாள். நல்ல மனது உள்ள விருந்தாளிகள் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்களாம்.

"எங்கட ஊரில யாருடைய வீட்டுக்குப் போனாலும் கை தானாப் போகும் எண்டு சொல்லு. ஒருத்தரும் கேட்கத் தேவையில்லை எண்டு சொல்லு."

மகள் சொன்னாள், வழிகாட்டியும் சேர்ந்து சொன்னார். தலைவி என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு கேள்வி கேட்டாள். மகள் அதை மொழிபெயர்க்கவில்லை.

"என்னவாம்?"

"விடுங்கோ அம்மா."

"சொல்லு பிள்ளை."

"உங்களை ஒருத்தரும் ஒருநாளும் விருந்தாளியா வச்சிருக்கேல்லையோ எண்டு கேக்கிறா."

எனக்கு முதலில் வந்தது கோபம். என்ன கேள்வி இது என்று வாய் வரை வந்தது. ஆனால் பதிலைத் தேடி, இருந்த வீடுகளை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்தேன். பதினாறு வயதில், சண்டை வந்து ஒரு பையோடு ஊரை விட்டு வெளிக்கிட்டு, ஒன்றரை வருடத்தில் ஐந்து வீடுகளில் இருந்தோம். எல்லாரும் நல்ல சனம், ஒருவரும் எங்களைப் போ என்று சொல்லவில்லை. ஆனால் வீட்டுக்காரர் எழும்ப முதல் முற்றம் கூட்டியிருக்க வேண்டும், கிணற்றில் அள்ளி வாளிகளை நிரப்பியிருக்க வேண்டும், அவர்கள் அடுப்படிக்கு வரும்போது தேங்காய் துருவியிருக்க வேண்டும். அது அம்மாவின் சட்டம். சும்மா இருந்தால் பாரமாகிவிடுவோம் என்பாள். லண்டன் வந்து செவன் கிங்ஸில் பெரியம்மா வீட்டில் இருந்த இரண்டு வருடமும் அதே சட்டம்தான், பெரியம்மா எவ்வளவு சொல்லியும் கேட்கவில்லை. இதை மரியாதை என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். அது பயம். அந்த முற்றத்தில் நின்றபோது அது பயம் என்று எனக்கு விளங்கியது, வெட்கமாகவும் இருந்தது.

"இல்லை எண்டு சொல்லு," என்றேன்.

தலைவி கொப்பியை மூடினாள். யோசித்தாள். பிறகு ஒரு தீர்ப்பு சொன்னாள். தானும் இங்கேயே நிற்பாளாம். நான் கதிரையில் இருக்க வேண்டும். சமைத்து, பரிமாறி, சாப்பிட்டு, தட்டு எடுக்கும் வரை எழும்பக் கூடாது. அப்படி இருந்துவிட்டால் இந்த வீட்டில் பிழை இல்லை, வியாதி எனக்குத்தான் என்று எழுதிவிடுவாளாம்.

வெயில் மலையில் இருக்கும்போதே கதிரையில் இருந்தேன். ஆயிரம் மீட்டர் இறங்கிய முழங்கால்கள் நன்றி சொன்னன. கைகள் சொல்லவில்லை. வீட்டுக்காரி வேண்டுமென்றே என் கண்முன்னால் இருந்து கிழங்கு சீவினாள், தலைவிக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக. தோலோடு சேர்த்துப் பாதிக் கிழங்கும் போனது. நான் இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அமத்திக்கொண்டேன். உள்ளே பால் பொங்குகிற வாசம் வந்தது, வாயை மூடிக்கொண்டேன். அகப்பை விழுந்து என் காலடிக்கு உருண்டு வந்தபோது பாதி எழும்பிவிட்டேன்.

"அம்மா!"

வீட்டுக்காரி நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அப்படியொரு பயம் அந்த முகத்தில். அந்தப் பயத்தை எனக்கு நல்லாய்த் தெரியும். திரும்ப இருந்தேன்.

சூப் வந்தது. சோளம் வந்தது. வேண்டாம் என்று சொல்ல வாய் எடுத்தேன், மகள் முறைத்தாள், இரண்டாம் தரமும் வாங்கிச் சாப்பிட்டேன். வீட்டுக்காரி வெறும் தட்டை எடுக்க வந்தபோது என் விரல்கள் அதை விடவில்லை. நான் விட மறுக்கவில்லை, விரல்கள்தான். அவள் மெதுவாக இழுத்தாள். பிறகு இன்னும் மெதுவாக. விட்டேன். விட்டதும் அழுகை வந்தது. மிளகாய் கண்ணில் பட்டுவிட்டது என்று சொல்லலாம் என்றால் சூப்பில் மிளகாய்கூட இல்லை.

தலைவி கொப்பியைத் திறந்து எழுதினாள். முறை அந்த வீட்டிலேயே இருக்கும் என்று வழிகாட்டி சொன்னார். வீட்டுக்காரி தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியில் அப்படியே இருந்துவிட்டாள். நான் போய் அவளுக்குப் பக்கத்தில் இருக்க நினைத்தேன். கேட்டுவிட்டுத்தான் எழும்பினேன்.

மறுநாள் காலை அடுத்த கிராமத்துக்குப் புறப்பட வேண்டும். பையைக் கட்டிவிட்டு, வழக்கம் போலக் கட்டிலில் கிடந்த மூன்று கம்பளிகளில் ஒன்றை மடிக்க நுனியைப் பிடித்து உதறினேன். வாசலில் வீட்டுக்காரி நின்றாள். என் கையை மட்டும் பார்த்தாள்.

கையை எடுத்தேன். கம்பளிகள் சுருண்டும், தலையணை குழிந்தும், ஆள் இப்போதுதான் எழும்பிப் போனது போலக் கட்டில் கிடந்தது. அவள் கிட்ட வந்து அதைப் பார்த்துவிட்டு, முகம் முழுக்கச் சிரித்து ஏதோ சொன்னாள்.

"என்னவாம்?"

"நல்லா நித்திரை கொண்டிருக்கிறீங்களாம்," என்றாள் மகள்.

"ஓம் எண்டு சொல்லு," என்றேன்.