பெரட்டு நடக்காத காலை

தலவாக்கலைக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வுபெற்றவர் என் பெரியப்பா. விடியற்காலையில் ஆட்களை வரிசையில் நிறுத்தி, இன்னாருக்கு இன்ன வேலை என்று பிரித்துக் கொடுக்கும் பெரட்டு அவருடைய ஆட்சி. மறதி நோயில் எங்கள் பெயர்கள் எல்லாம் போய்விட்டன. பெரட்டு மட்டும் போகவில்லை. பல்கலைக்கழக விடுமுறைக்கு வந்த நானும் ஆறு மணிக்கு வாசலில் நின்றாக வேண்டும். பெரியம்மாவுக்கும் அண்ணிக்கும் கொழுந்து பறிக்கும் வேலை. எனக்கு எப்போதும் புல்வெட்டு. ஒருநாள் கொழுந்து கேட்டுப் பார்த்தேன்.

"ஒன் வெரலப் பாத்தா கொழுந்து எடுக்குற வெரலாவா இருக்கு?" என்றார். என் விரல்களை நானே ஒருமுறை திருப்பிப் பார்த்துக்கொண்டேன்.

சென்ற விடுமுறையில் ஒரு காலை பெரட்டு நடக்கவில்லை. நாற்காலியில் தலை சாய்த்து அமைதியாக இருந்தார். "இன்னைக்காவது நம்மள விட்டாரு, எழுப்பிராத புள்ள" என்று பெரியம்மா நிம்மதியாக மாவு பிசையப் போனார். பெரியப்பா எதைச் செய்தாலும், செய்யாமல் விட்டாலும் மறதியே காரணம் என்று முடிவுகட்டிய வீடு எங்களுடையது. அவருக்குச் சர்க்கரை நோயும் உண்டு என்பது மாத்திரை நேரத்தில் மட்டுமே நினைவுக்கு வரும்.

வழக்கப்படி நான் அவர் முன் போய் நின்றேன். மூச்சு புகையாக வெளிவரும் அந்தக் குளிரில் அவருடைய நெற்றி வியர்த்திருந்தது. சட்டைக் கழுத்தும் நனைந்திருந்தது. அதிகம் பேசாதவள் நான், அன்று கத்திவிட்டேன்.

அண்ணி, தோட்டத்து மக்களுக்கு வைத்தியம் பார்க்கும் டிஸ்பென்சரி ஐயாவைத் தொலைபேசியில் அழைத்தார். காலைச் சர்க்கரை மாத்திரை கொடுத்தாயிற்றா என்று அவர் கேட்டார். பெரியம்மா கொடுத்திருந்தார். அண்ணியும் கொடுத்திருந்தார். "இன்னும் குடுக்கல" என்று பெரியப்பா அதட்டியிருக்கிறார். தோட்டமே பணிந்த அந்தக் குரலிடம் திருப்பிக் கேட்க அண்ணிக்குத் துணிவில்லை. பெரட்டு முடியாமல் அவர் ரொட்டியைத் தொடமாட்டார் என்பதால் வயிறும் காலி.

சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கியிருக்கிறது என்றும், விழுங்க முடிகிறதா என்று பார்த்து, சீனி கரைத்த பால் சேர்க்காத பிளேன்டீயைச் சிறிது சிறிதாகக் கொடுக்கவும், உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவும் ஐயா சொன்னார். பல ஆண்டுகளாக அவருக்கு நாங்கள் மறுத்துவந்த சீனியை நானே ஊட்டினேன். பாதிக் கோப்பையில் கண்கள் என்மீது நிலைத்தன. முச்சக்கர வண்டி வந்து நின்றபோது கோப்பையை அவரே பிடித்திருந்தார். பெரியம்மா, அண்ணி, நான், வண்டிக்காரர் நால்வரும் அறியாமலே வரிசையாக நின்றிருந்தோம். அவர் எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார்.

"இந்த நேரத்துக்கு வந்தா அரைப்பேருதான்."

எல்லோருக்கும் அரைநாள் சம்பளம். பெரியம்மா அழுதுகொண்டே சிரித்தார்.

இரண்டு நாளில் வீடு திரும்பினார். இப்போது மாத்திரை கொடுப்பவர் சுவர் நாட்காட்டியில் கையெழுத்திட வேண்டும். கணக்கப்பிள்ளைமார் சாப்பிட்ட பிறகே பெரட்டு என்பது தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் புதிய உத்தரவு என்று நான்தான் அவருக்கு அறிவித்தேன். துரைக்கு மூளையில்லை என்று முணுமுணுத்தபடி அவர் ரொட்டியைச் சாப்பிட்டுவிட்டு எழுகிறார். எனக்கு இன்னமும் புல்வெட்டுதான்.