பெங்களூரில் ஏறச் சொன்ன அக்கா

செவிலிமேடு பஸ்ஸில் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தபோது மோகனாவின் போன் வந்தது. "நம்ம டிக்கெட் அக்கா போயிட்டாங்கண்ணா." கண்டக்டர் சில்லறை கேட்டார். நான் மூக்கை உறிஞ்சினேன்.

பத்மாவதி அக்காவை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். சின்ன காஞ்சிபுரத்தில், இட்லிக் கடைக்குப் பக்கத்தில், விமான டிக்கெட் போட்டுக் கொடுத்தவர். தாம் ஒருமுறைகூட விமானம் ஏறாதவர். யார் வீட்டுப் பிள்ளை எந்த நாட்டில், யாருக்கு விசா நின்றது, எல்லாம் அவருக்கு அத்துப்படி. எனக்கும்தான். அவர் தொழிலுக்காகத் தெரிந்துகொண்டார், நான் சும்மா.

மோகனா என் எதிர்வீட்டு நெசவாளி. சிங்கப்பூரில் மகளுக்குத் தலைப்பிரசவம். அங்கே வேறு பெண்துணை இல்லை. மருமகன் டிக்கெட் அனுப்பியிருந்தார். பெங்களூரில் புறப்பட்டு, சென்னை வழியாகச் சிங்கப்பூர். சென்னையிலிருந்து நேராகப் போவதைவிட அதுதான் மலிவாம்! "நடுவுல சென்னையில ஏறிக்கலாம்" என்று தீர்ப்புச் சொன்னவன் அடியேன். பஸ்ஸில் அப்படித்தானே செய்கிறோம்?

பிரின்ட் எடுக்கப் போனோம். அக்கா கண்ணாடியை மாட்டிப் படித்தார்.

"பெங்களூர்ல ஏறலைன்னா மீதி டிக்கெட்டும் கேன்சல்மா. அது அவங்க ரூலு."

"நம்ம சீட்டுதானே காலியா வருது? அவங்களுக்கு என்னக்கா நஷ்டம்?" என்றேன்.

"அதைக் கவுண்டர்ல போயி கேளுப்பா. நீ கேட்டு முடிக்கிறதுக்குள்ள கொழந்த நடக்கும்."

மறுநாள் பயணம். புது டிக்கெட் வாங்க வழியில்லை. மோகனா அழத் தொடங்கினார். அக்கா ஷட்டரை இறக்கினார்.

"எழுந்திரும்மா. இங்கருந்துதான் பெங்களூர் பஸ்ஸு போவுதே. அங்க போயி ஏறு, நானும் வர்றேன்."

பிரசவ மருந்து, குழந்தைக்குப் பழைய பருத்திப் புடவைத் துண்டுகள். பட்டு ஊரிலிருந்து போன அந்தப் பருத்தி மூட்டையை அக்காதான் மடியில் வைத்துக்கொண்டார்.

"கெழக்க போறதுக்கு மேற்கால போறீங்களேக்கா!" என்று கிண்டலடித்தேன்.

"கதவு அங்கதானேப்பா தொறந்திருக்குது" என்றார்.

மோகனாவை விமான நிலைய வாசலில் விட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தார். சென்னையை நோக்கி வந்த விமானத்தின் ஜன்னலில் மோகனா ஒரு பெரிய ஏரியைப் பார்த்தாராம். நம் ஊருக்குப் பக்கத்துத் தாமல் ஏரியேதான் என்று இன்றும் சாதிக்கிறார். பிறந்த குழந்தையை முதலில் ஏந்தியது மோகனாவின் கைகள்தாம்.

அந்தப் பேத்தி இப்போது விடுமுறைக்கு வந்திருக்கிறாள். நேற்று அக்காவின் கடையில், படத்துக்குப் பூ வைத்தாள். மேலே விமானச் சத்தம் கேட்டதும் தெருவுக்கு ஓடினாள்.

"ஆயா, பெங்களூர் வண்டியா?"

"ஆமாம்மா, டாட்டா காட்டு" என்றார் மோகனா.

உள்ளே அக்காவின் மருமகள் யாருக்கோ டிக்கெட் போட்டுக்கொண்டிருந்தார். "எங்க ஏறணுமோ அங்கதாங்க ஏறணும்" என்பது காதில் விழுந்தது. நானும் அண்ணாந்து கையாட்டினேன்.

போய் வாருங்கள், அக்கா. இந்த முறை ஜன்னல் சீட்டு உங்களுக்கு.