திரைக்கு முதுகு காட்டியவர்கள்

சண்முகவடிவு சத்தத்திலேயே வளர்ந்தவள். தி. நகரில் அவள் அப்பாவுக்குப் பாத்திரக்கடை, மேல்மாடியில் வீடு. குடம் வாங்க வருகிறவர்கள் தட்டிப் பார்ப்பதும், அடுக்கி வைத்த தட்டுகள் சரிவதும், தெருவில் கூவி விற்பவர்களின் குரலுமாகக் கடை அடைக்கும்வரை ஓயாது. பரீட்சை நாட்களில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு படித்தாள். படித்ததும் காது சம்பந்தப்பட்ட படிப்புதான். மயிலாப்பூரில் ஒரு காது, மூக்கு, தொண்டை டாக்டரிடம் செவித்திறன் பரிசோதிக்கும் வேலையில் சேர்ந்தவள், ஐம்பதைத் தாண்டியும் அங்கேயே இருந்தாள்.

கனத்த கதவு போட்ட ஒரு சின்ன அறை. நோயாளியை அதற்குள் உட்காரவைத்து ஹெட்போனை மாட்டிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் அமர்ந்து மெல்லிய ஒலிகளை அனுப்புவாள். ஒலி கேட்டால் அவர்கள் கையைத் தூக்க வேண்டும். கதவை மூடியதும் சிலருக்கு மூச்சு முட்டும். தங்கள் நெஞ்சு அடிப்பதே கேட்கிறது என்று எழுந்து வந்துவிடுகிறவர்களும் உண்டு. அவளுக்கு அந்த அறை பிடித்திருந்தது. ஆள் இல்லாத நேரங்களில் உள்ளே போய்ச் சும்மா உட்கார்ந்திருப்பாள்.

கணவர் வெங்கடேஷ் இறந்த பிறகு ஆதம்பாக்கம் வீட்டில் அவள் மட்டும்தான். மகள் மாளவிகா புனேயில் வேலை பார்த்தாள். புதன்கிழமை மதியத்துக்கு மேல் கிளினிக் கிடையாது. நேராகத் திருவான்மியூர் பக்கம் இருந்த ஒரு பழைய தியேட்டருக்குப் போய்விடுவாள். எந்தப் படமானாலும் சரி. இருட்டில் உட்கார்ந்து ஒரு கதையை முழுதாகக் கேட்க வேண்டும், அவ்வளவுதான். அதைக் கெடுப்பவர்களை அவள் விட்டதில்லை. போனில் பேசுகிறவர்கள், அடுத்து என்ன நடக்கும் என்று பக்கத்து ஆளுக்குச் சொல்கிறவர்கள், முன்சீட்டை உதைப்பவர்கள் எல்லாரிடமும் ஒருமுறை தணிந்த குரலில் சொல்வாள். கேட்காவிட்டால் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றுகொள்வாள். யாரும் அதற்குமேல் பேசியதில்லை. வாசலில் பையைச் சோதிக்கும் தங்கபுஷ்பம் அவளை ‘டீச்சரக்கா’ என்றுதான் கூப்பிடுவாள்.

அந்தப் புதன்கிழமை அரங்கில் ஆளே இல்லை என்று சொல்லலாம். இரண்டு வரிசை முன்னால் நான்கு பேர், இரண்டு பையன்களும் இரண்டு பெண்களும், கல்லூரி வயது. படம் தொடங்கியதிலிருந்தே சிரிப்பும் பேச்சுமாக இருந்தார்கள். ஒருவன் வீடியோ காலில் யாருக்கோ திரையைக் காட்டிக்கொண்டிருந்தான். சண்முகவடிவு சொல்லிப் பார்த்தாள். கேட்கவில்லை. எழுந்து போய் அவர்கள் வரிசை ஓரத்தில் நின்றாள்.

“படம் பாக்கத்தானே வந்திருக்கீங்க? சத்தம் போடாம பாருங்க.”

நான்கு பேரும் சட்டென்று அடங்கினார்கள். ஒருவன் மரியாதையாகத் தலையைக்கூட ஆட்டினான். அவள் திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

கொஞ்ச நேரம் கழித்து ஒரு பெண் மட்டும் பின்னால் திரும்பினாள். பிறகு அவள் பக்கத்திலிருந்த பையன். அப்புறம் மற்ற இருவரும். சீட்டில் முழங்காலிட்டு, முதுகுச் சாய்வின்மேல் கைகளை மடித்து வைத்து, நான்கு பேரும் அவளையே பார்த்தார்கள். வெளிச்சம் அவர்களுக்குப் பின்னாலிருந்து வந்ததால் முகங்கள் தெரியவில்லை. தலைகளின் விளிம்பு மட்டும் ஒளிர்ந்தது. சிரிக்கவில்லை, பேசவில்லை, அசையவுமில்லை.

விளையாட்டு, சலித்துப்போனால் திரும்பிக்கொள்வார்கள் என்று அவள் நினைத்தாள். திரையில் ஒரு பாட்டு வந்து போனது. அவர்கள் திரும்பவில்லை. தள்ளிப் போய் வேறு சீட்டில் உட்கார்ந்தாள். நான்கு தலைகளும் மெதுவாக அந்தப் பக்கம் திரும்பின. எழுந்து வெளியே போய்த் தங்கபுஷ்பத்தை அழைத்து வந்தாள். கதவு திறந்து டார்ச் வெளிச்சம் விழுந்தபோது நான்கு பேரும் திரையைப் பார்த்து ஒழுங்காக அமர்ந்திருந்தார்கள்.

“இன்னாக்கா, ஒயுங்காத்தானே குந்திகினு கீதுங்க,” என்றாள் தங்கபுஷ்பம். சண்முகவடிவு பழைய சீட்டுக்கே போய் உட்கார்ந்தாள். அவர்கள் சத்தம் போடவில்லைதான்.

இடைவேளையில் விளக்குகள் எரிந்தன. சாதாரணப் பிள்ளைகள். ஓரத்து சீட்டில் இருந்த பெண் பாப்கார்னோடு அவளைக் கடந்து போகும்போது, “நாங்க ஏதாவது சத்தம் போட்டோமா ஆன்ட்டி?” என்று கேட்டாள். குரலில் கேலி இல்லை. ஆனால் அவள் கண் சண்முகவடிவைப் பார்க்கவில்லை.

கிளம்பியிருக்கலாம். ஆனால் இவர்களுக்குப் பயந்து ஓடுவதா என்ற வீம்பு அவளுக்கு. விளக்கு அணைந்தது, மறுபடியும் திரும்பினார்கள். இந்த முறை அவள் எழுந்து, நடந்து, அவர்கள் வரிசைக்குள்ளேயே நுழைந்து, ஓரத்துப் பெண்ணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

ஒருவரும் அவள் பக்கம் திரும்பவில்லை. அவள் எழுந்து வந்த காலி சீட்டையே நான்கு பேரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ அவள் இன்னும் அங்கே உட்கார்ந்திருப்பதுபோல. அவளையும் அறியாமல் திரும்பி அந்த சீட்டைப் பார்த்தாள். அங்கே ஒன்றும் இல்லை. அப்போதுதான் இரண்டு சீட்டுகளுக்கு நடுவே செருகியிருந்த போன் கண்ணில் பட்டது. அதன் திரையில் அந்தக் காலி சீட் நீலம் பாரித்துத் தெரிந்தது. படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள்.

ஓரத்துப் பெண் உதடு அசையாமல் சொன்னாள். “போயிடுங்க ஆன்ட்டி. இது கேம். முதல்ல யாரு திரும்புறாங்களோ அவங்க அவுட்.” சொல்லும்போதும் அவள் கண் அந்தக் காலி சீட்டைவிட்டு நகரவில்லை.

சண்முகவடிவு வெளியேறிவிட்டாள்.

வீடியோவை அவளுக்குக் காட்டியவள் கிளினிக் வரவேற்பில் இருந்த ஸ்ரீலக்ஷ்மி. தயங்கித் தயங்கித்தான் காட்டினாள். அதில் சத்தமே இல்லை. இருட்டில் ஒரு பெண்ணின் முகம் மட்டும். திரை வெளிச்சத்தில் கன்னம் வெளிறி, கண்கள் இரண்டு வெள்ளைப் புள்ளிகளாக. முதலில் கோபம், பிறகு புன்னகைக்க ஒரு முயற்சி, பிறகு பயம். இப்படி ஒரு பயம் தன் முகத்தில் வரும் என்பதே அவளுக்குத் தெரியாது. லட்சக்கணக்கானவர்கள் பார்த்திருந்தார்கள். பேய்ப் படத்தில் நடிக்கலாம் என்று ஒருவர் எழுதியிருந்தார். இந்த ஆன்ட்டி மயிலாப்பூரில் எந்த கிளினிக்கில் வேலை செய்கிறார் என்பதையே இன்னொருவர் எழுதியிருந்தார்.

அதன் பிறகு பஸ்ஸில் முன்சீட்டில் யாராவது ஜன்னலை மூடத் திரும்பினால்கூட அவளுக்கு மூச்சு நின்று வந்தது. பரிசோதனைக்கு வருகிறவர்கள் கண்ணாடி வழியாகத் தன்னையே உற்றுப் பார்ப்பதுபோல் இருந்தது. மாளவிகா போலீஸில் புகார் கொடுக்கச் சொன்னாள். பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டாள். கொடுத்தால் அங்கேயும் அந்த முகத்தைப் போட்டுக் காட்ட வேண்டும். புதன்கிழமைகளில் வீட்டிலேயே இருந்தாள்.

ஒரு சாயங்காலம் ஓரத்துப் பெண் கிளினிக்குக்கு வந்தாள். தனியாக. பெயர் ஷ்ரேயா என்றாள். பேச வேண்டும் என்றாள். வரவேற்பில் ஆட்கள் நிறைந்திருந்ததால் சண்முகவடிவு அவளைப் பரிசோதனை அறைக்கு அழைத்துப்போனாள். அவளுடையதைத் தவிர இருந்த ஒரே நாற்காலி உள்ளே. ஷ்ரேயா உட்கார்ந்ததும் சண்முகவடிவு கதவை மூடினாள். ஏன் மூடினாள் என்று பிறகு யோசித்தபோதும் அவளுக்கு விளங்கவில்லை. கை பழக்கத்தில் மூடியது என்று சொல்லிக்கொள்ளலாம்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஷ்ரேயா பேசத் தொடங்கினாள். ஒரு சொல்லும் வெளியே வரவில்லை. மைக்கைப் போட்டால் கேட்கும். சண்முகவடிவு போடவில்லை. வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தாள். உதடுகள் வேகமாக அசைந்தன, கண் கலங்கியது, கை கூப்பினாள். பதில் வராததைக் கண்டு நிறுத்தினாள். புன்னகைக்கப் பார்த்தாள். எழுந்து கதவை இழுத்தாள். தள்ளித் திறக்கும் கதவு அது, அவளுக்குத் தெரியவில்லை. கண்ணாடியில் உள்ளங்கைகளை வைத்து அழுத்தினாள். வாய் திறந்து மூடியது.

சண்முகவடிவுக்கு அது இனித்தது. நாக்கில் உணரும்படி இனித்தது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம் என்று உள்ளே ஏதோ கேட்டது. அந்த இனிப்பு அவளுக்குப் புரிந்த நொடியில், இருட்டு அரங்கில் வராத நடுக்கம் வந்தது. ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள்.

ஷ்ரேயா மூச்சு வாங்க வெளியே வந்து நின்றாள். “நான் சொன்னது கேட்டுச்சா?”

“இல்ல. இப்ப சொல்லு.”

எல்லாவற்றையும் மறுபடி சொன்னாள். யோசனை பரத்வாஜ் என்ற பையனுடையது. வேறு தியேட்டர்களிலும் செய்திருக்கிறார்கள். யாராவது அதட்டும்வரை வேண்டுமென்றே சத்தம் போடுவார்கள். அதட்டுகிற ஆள்தான் அன்றைய ஆட்டத்துக்கு இலக்கு. ஒரு பெரியவர் அழுதிருக்கிறார். அதையும் போட்டிருந்தார்கள். இவள் விலகிவிட்டாள். ஆனால் எங்கே போனாலும் தன் முகத்தை யாரோ படம் பிடிப்பதுபோல் இருக்கிறதாம்.

சண்முகவடிவு கதவின் கைப்பிடியைப் பிடித்தபடி முழுதும் கேட்டாள். பிறகு, “கதவ நான் வேணும்னுதான் தொறக்கல. அத நீ தெரிஞ்சுக்கணும்,” என்றாள். ஷ்ரேயா தலையை மட்டும் ஆட்டினாள்.

மறுநாள் இருவருமாகப் போய்ப் புகார் கொடுத்தார்கள். நடந்ததைப் பெரும்பாலும் ஷ்ரேயாவே சொன்னாள். போலீஸார் பையன்களைப் பெற்றவர்களோடு வரவழைத்துப் பேசினார்கள். அந்த வீடியோக்களைப் போட்டுவந்த சேனல் போயிற்று. வீடியோ முழுதாகப் போகவில்லை. யார் யாரோ எடுத்து வைத்திருந்தது அவ்வப்போது எங்கேயாவது தலைகாட்டும்.

சில மாதங்கள் கழித்துச் சண்முகவடிவு மறுபடியும் தியேட்டருக்குப் போகத் தொடங்கினாள். இப்போது முன்னால் யாரும் இல்லாத முதல் வரிசையில்தான் உட்காருகிறாள். கழுத்து வலிக்கும், திரை மேலே கவிழ்வதுபோல் இருக்கும். தங்கபுஷ்பம் காரணம் கேட்டபோது கண் சரியாகத் தெரியவில்லை என்று சொல்லிவைத்தாள். பின்னால் பேசுகிறார்கள், சிரிக்கிறார்கள், போன் அடிக்கிறது. அவள் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை.