ராமாமணி நடந்து பார்த்த அருவி

பீளமேட்டில் ஒரு பம்புசெட் கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியில் காயில் சுற்றுகிறவள் ராமாமணி. சின்ன வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தில் இடது கால் சூம்பிப் போயிற்று. காலைத் தாங்கத் தொடைவரை இரும்புக் காலிப்பர் மாட்டி, தடி ஊன்றி நடப்பாள். எங்கே போனாலும் அவளை ஓரிடத்தில் உட்கார வைத்துவிட்டுப் போவார்கள். செருப்புக்கும் பைக்கும் அவள்தான் காவல்.

தொண்ணூற்று நான்கு மார்கழியில் கம்பெனி ஆட்கள் வேன் பிடித்துப் பொள்ளாச்சி தாண்டி ஆனைமலைக் காட்டுக்குப் போனார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் தேக்கு மரம் இறக்கப் போட்ட ரயில் பாதை ஒன்று அங்கே கிடந்தது. தண்டவாளத்தை எப்போதோ பெயர்த்துவிட்டார்கள். அந்தத் தடத்தின் கடைசியில் அருவி.

வேன் நின்றதும் சூப்பர்வைசர் சீனிவாசலு, "அம்மணி, நீங்க வேன்லயே இருங்க. நாங்க வெரசா வந்தர்றோம்" என்றார்.

"நானும் வாரேனுங்க" என்று ராமாமணி இறங்கிவிட்டாள். வழிகாட்ட வந்த வனக்காவலர் மாசாணத்திடம், "ஏனுங்க, மேடு செங்குத்தா இருக்குமுங்களா?" என்று கேட்டாள்.

"ரயிலு போன தடமுங்க, ஏர்றதே தெரியாது. ஒரு பாலந்தான் உளுந்துபோச்சு. ஓடையில எறங்கி ஏறோணும்."

அவர் சொன்னபடியே பாதை மெல்ல மெல்லத்தான் ஏறியது. ஆனாலும் பனியில் சில்லிட்டுப்போன இரும்பு தொடையில் உரசி எரிந்தது. மற்றவர்கள் முன்னால் போய்விட, பக்கத்து மேசைக்காரி யாஸ்மின் மட்டும் கூடவே வந்தாள்.

ஓடைக்கரையில் காத்திருந்த கம்பெனி ஆட்கள் இருவர் ராமாமணியைத் தூக்கிப்போக வந்தார்கள்.

"தூக்காதீங்க. யாஸ்மினு, நீ இந்தத் தடியை மட்டும் புடி."

உட்கார்ந்தபடியே சரிவில் இறங்கினாள். தண்ணீரைத் தவழ்ந்து கடந்தாள். எதிர்க்கரையில் வேரைப் பற்றி வலது காலை உந்தி, இடது காலைக் கையால் எடுத்து எடுத்து வைத்து ஏறினாள். சேலையெல்லாம் சேறு.

அருவிக்குக் கடைசியாக வந்து சேர்ந்தது அவள்தான். பாறையில் உட்கார்ந்து காலிப்பரின் வாரை அவிழ்த்தாள். அந்தக் காலை அவள் யார் கண்ணிலும் காட்டியதில்லை. அன்று அத்தனை பேர் பார்க்க, தண்ணீர் விழும் இடத்தில் நீட்டிக்கொண்டாள். குளிரில் பல் கிட்டியது. சிரிப்பு மட்டும் அடங்கவில்லை.

போட்டோ எடுக்கக் கூடியபோது சீனிவாசலு முன்வரிசையில் ஒரு கல்லைத் துடைத்து, "இங்க உக்காருங்க அம்மணி" என்றார்.

"நின்னுக்கறனுங்க" என்று ராமாமணி வாரை இறுக்கிக்கொண்டு எல்லோருக்கும் நடுவில் போய் நின்றாள்.