விளக்கு எரியாத கார்

இன்றைக்குக் காலையில் ஒரு காருக்கு இரண்டு ஹெட்லைட் ஒட்டினேன். மாட்டினேன் என்று எழுத வந்து கைதவறிவிட்டது என்று நினைக்க வேண்டாம். ஒட்டத்தான் செய்தேன். வழவழப்பான ஸ்டிக்கர். அதில் கண்ணாடி, உள்ளே பளபளக்கும் பல்பு, ஓரத்தில் சின்ன நிழல் எல்லாமே அச்சடித்து வந்திருக்கும். பின்தாளை உரித்து, காரின் மூக்குக்கு இரண்டு பக்கமும் வைத்து, சூடு காட்டி, காற்றுக்குமிழ் நிற்காமல் தேய்த்துவிட வேண்டும். பத்தடி தள்ளி நின்றால் கார் நம்மை முறைக்கும். கிட்டே போய்த் தொட்டால் வெறும் பலகை. அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில், சார்லட் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பந்தயக் கார் பட்டறையில் எனக்கு இதுதான் வேலை. கொட்டாரத்தில் பிறந்து, நாகர்கோவிலில் ஆட்டோமொபைல் டிப்ளமோ படித்து, சார்ஜாவில் தண்ணீர் லாரிகளுக்கு விளம்பரம் ஒட்டி, நர்ஸ் வேலை கிடைத்த மனைவி ஷைனியின் பின்னாலேயே இங்கே வந்து சேர்ந்தவன், காருக்குப் பொய்க்கண் வைத்துப் பிழைக்கிறேன். சிரிக்காதீர்கள். நல்ல வேலைதான்.

இதற்கு ஸ்டாக் கார் பந்தயம் என்று பெயர். கடையில் விற்பனைக்கு நிற்கிற கார் என்று அர்த்தம். ஆரம்பத்தில் அப்படித்தான் இருந்ததாம். வாங்கிய காரையே மைதானத்துக்குக் கொண்டுபோய் ஓட்டி, உடையாமல் மிஞ்சினால் அதிலேயே வீட்டுக்குத் திரும்புவார்களாம். இப்போது பெயரும் முகமும்தான் மிச்சம். நான் ஓட்டும் வெள்ளைக் காரும் எங்கள் பட்டறைக் காரும் ஒரே கம்பெனி, ஒரே பெயர். பானெட்டின் மடிப்பு ஒன்று, பின்விளக்கின் வளைவு ஒன்று. ஆனால் என் காருக்கு நாலு சிலிண்டர், முன்சக்கரம் இழுக்கும். அதற்கு எட்டு, பின்சக்கரம் தள்ளும். அதற்குக் கதவு திறக்காது, ஓட்டுகிறவன் ஜன்னல் வழியாகத்தான் நுழைய வேண்டும். சாவி இல்லை, ஹாரன் இல்லை, பக்கத்தில் ஒருவரை உட்கார வைக்க இருக்கைகூட இல்லை. பட்டறையில் மூத்தவரான வெய்ன் ஒரு கதை சொல்வார். இடையில் கொஞ்ச காலம் எல்லாக் கம்பெனிக் கார்களும் ஒரே உருவத்தில் ஓடினவாம். எது யாருடைய கார் என்று ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் சொல்ல முடியுமாம். பார்க்க வந்த சனத்துக்குக் கோபம் வந்துவிட்டது. என் வீட்டு வாசலில் நிற்கிற காரை இங்கே காணோமே என்று கேட்டார்களாம். அதன் பிறகுதான் பந்தயக் கார் மறுபடியும் தெருக்காரின் முகத்தை வாங்கிக்கொண்டது. உள்ளே என்ன வேண்டுமானாலும் இருக்கட்டும், முகமாவது தெரிந்த முகமாக இருக்க வேண்டும் என்கிற அந்த ஆசை எனக்கு நன்றாகவே புரிகிறது.

அந்த ஆசையில்தான் நான் வாயைக் கொடுத்தேன். வேலைக்குச் சேர்ந்த வாரம் அம்மாவுக்கு இரண்டு படம் அனுப்பினேன். ஒன்றில் பந்தயக் காரின் மேல் கைவைத்து நிற்கிறேன், மற்றதில் என் வெள்ளைக் காரின் மேல். “அம்மா, இந்த வண்டியைத்தான் நாங்க செய்யோம். நான் ஓட்டதும் இதேதான்” என்று குரல்செய்தி வேறு. ஒட்டுகிறேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. அம்மா தொடக்கப்பள்ளி ஆசிரியையாக இருந்து ஓய்வுபெற்றவர், எதையும் ஒருமுறை சொன்னால் போதும், மறக்க மாட்டார். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் சபைக்கே போனைச் சுற்றிக் காட்டிவிட்டார். கொட்டாரத்தில் நான் கார் செய்கிறவனானேன். போதகர்கூட, அடுத்த தடவை வரும்போது அவருடைய காரில் வருகிற ஒரு சத்தத்தைப் பார்த்துக் கொடுக்கும்படி சொல்லி அனுப்பினார்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். அப்பா போனது ஒரு காரில்தான். நான் சார்ஜாவில் இருந்தபோது, ஒரு கல்யாணத்துக்குப் போய்விட்டு நண்பரின் காரில் பின்சீட்டில் வந்துகொண்டிருந்தவர். அஞ்சுகிராமத்துக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு லாரி பக்கவாட்டில் இடித்துவிட்டது. முன்னால் இருந்த இரண்டு பேருக்கும் சிராய்ப்புதான். பிறகு அந்தக் காரை அம்மா ஒருமுறை பார்த்திருக்கிறார். முன்பக்கம் புதுக் கருக்கு அழியாமல், இரண்டு ஹெட்லைட்டும் கீறலில்லாமல் நின்றதாம். “மூஞ்சி நல்லாத்தான் இருந்துது மக்களே” என்று போனில் சொல்லிச் சொல்லி அழுதார். அதற்குப் பிறகு அம்மா எங்கும் பஸ்ஸில்தான் போவார்.

போன மாதம் எங்கள் மகள் எஸ்தரின் ஞானஸ்நானத்துக்காக அம்மா இங்கே வந்தார். விமான நிலையத்திலிருந்து ஷைனியின் தோழி தன் பெரிய வேனில் அழைத்துவந்தாள். நான் வேலையிலிருந்து ஓடிவந்து, வீட்டு வாசலில் காரை நிறுத்தி இறங்கினேன். நாலு வருடத்துக்குப் பிறகு பார்க்கிற அம்மா, என்னை விட்டுவிட்டு என் காரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“இதுதானா மக்களே, நீ போட்டோல காட்டின வண்டி?”

“ஆமாம்மா. நாங்க செய்யதும் இதேதான்” என்றேன், புத்திகெட்ட பெருமையோடு.

“நான் இதுல ஏற மாட்டேன். பிள்ளையையும் இதுல ஏத்தாத, கேட்டியா?”

களைப்பில் சொல்கிறார் என்று நினைத்தேன். மறுநாளும் அதே பேச்சு, அடுத்த வாரமும் அதே பேச்சு. தமிழ்ச் சபை கூடுகிற ஆலயம் எங்கள் வீட்டிலிருந்து நாற்பது மைல். ஞானஸ்நான ஞாயிறு நெருங்குகிறது. வீட்டில் இருப்பது ஒரே கார். ஏன் என்று கேட்டால் முந்திரிக்கொத்துப் பலகாரம் உருட்டப் போய்விடுவார். ஷைனி கெஞ்சினாள், நான் கத்தினேன். கத்திவிட்டுக் குளியலறையில் போய் நின்று என்னையே திட்டிக்கொண்டேன். ஆயிரம் கனவோடு அம்மாவைக் கூட்டிவந்து நாலு சுவருக்குள் அடைத்து வைத்திருக்கிறோமே.

வெய்னிடம் புலம்பினேன். அம்மாவுக்குக் கார் பிடிக்கவில்லை என்று நான் சொன்னதை அவர், அம்மாவுக்கு என் காரின் நிறம் பிடிக்கவில்லை என்று எடுத்துக்கொண்டு, ஒரு வாரக்கடைசியில் வேறு நிறத்தில் ஸ்டிக்கர் சுற்றித் தருவதாகச் சொன்னார். விளக்கிச் சொன்னதும் தாடியைத் தடவியபடி, “பட்டறைக்குக் கூட்டிவா, வித்தியாசத்தைக் கண்ணாலே பார்க்கட்டும்” என்றார். எதில் கூட்டிவருவது? அவரே தன் பிக்கப் லாரியைக் கொண்டுவந்தார். அம்மா புடவையைத் தூக்கிப் பிடித்து அதில் ஏறி, நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டார். இதில் மட்டும் ஏறலாமா என்றால், “இது வேற வண்டில்லா” என்கிறார். மடியில் ஒரு டப்பா முந்திரிக்கொத்து. வழியில் வெய்ன் ஒன்றை எடுத்துப் பார்த்துவிட்டு, இந்த ஊரில் மீனோடு தின்கிற ஹஷ் பப்பி என்ற சோளமாவு உருண்டை என்று எண்ணி வாயில் போட்டார். உப்பை எதிர்பார்த்த வாயில் கருப்பட்டியும் பாசிப்பயறும் பட்டதும் அவர் முகம் போன போக்கைப் பார்த்து அம்மா இங்கே வந்த பிறகு முதல்முறையாகச் சிரித்தார்.

பட்டறையில் நான் முந்தின நாள் ஒட்டி முடித்த கார் நின்றது. அம்மா கிட்டே போய் ஹெட்லைட்டைத் தொட்டார். நகத்தால் சுரண்டினார்.

“ஏலே, இது படம்லா!”

“ஆமாம்மா. ஸ்டிக்கர்.”

“இத ஆரு ஒட்டினா?”

“நான்தான். எனக்க வேலையே இதுதான்.” சொல்லிவிட்டேன். “வண்டி செய்யது வேற ஆளுவ. நான் படம் ஒட்டுவேன், அவ்வளவுதான்.”

மகன் கார் செய்கிறவன் என்று ஊரெல்லாம் சொன்னவர் முகம் வாடும் என்று எதிர்பார்த்தேன். வாடவில்லை. கண்ணை மூடி, “ஸ்தோத்திரம் ஆண்டவரே” என்றார். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்பம் அந்தப் பையன் செத்ததுக்கு நீ காரணமில்ல, அப்பிடித்தானே மக்களே?”

எந்தப் பையன்? மெல்ல மெல்லத்தான் வெளியே வந்தது. இரண்டு வருடத்துக்கு முன்னால், ஒரு பந்தயத்தில் எங்கள் கார் சுவரில் மோதிச் சிதறியதை யாரோ அம்மாவுக்குப் போனில் காட்டியிருக்கிறார்கள். படத்தில் பார்த்த அதே கார், அதே எண். துண்டு துண்டாகப் பறந்ததும் அம்மா போனைக் கவிழ்த்துவிட்டார். ஓட்டியவன் செத்துப்போனான் என்றே முடிவு கட்டிவிட்டார். என் மகன் செய்த வண்டியில் ஒருத்தி பெற்ற பிள்ளை போய்விட்டான் என்று அன்றிலிருந்து வெள்ளிக்கிழமைதோறும் உபவாசம் இருந்து, முகம் தெரியாத அந்தத் தாய்க்காகவும், எனக்கு மன்னிப்புக் கிடைக்கவும் ஜெபித்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை, என்னிடம் கேட்கவும் இல்லை. இரண்டு வருடம்! ஒரு சின்னப் பொய்ப் பெருமையால் என் அம்மாவை இரண்டு வருடம் பட்டினி போட்டிருக்கிறேன்.

“அம்மா, அவன் சாகல. அன்னைக்கே எறங்கி நடந்து போனான். அந்தா, காபி குடிச்சிட்டு நிக்கானே, அவன்தான்.”

வாரத்தில் ஒருநாள் பட்டறைக்கு வருவான். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதிருக்கும், செம்பட்டைத் தலை. அம்மா விறுவிறுவென்று போய் அவனுடைய இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். “நல்லா இரி மக்களே. ஒனக்க அம்மைட்ட சொல்லு, நான் அவளுக்காக ஜெபிச்சேன்னு.” மொழிபெயர்க்க வேண்டியவன் நான், ஓரமாகத் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். அவன் கொஞ்சம் விழித்துவிட்டு, கையெழுத்துக் கேட்கிறார் என்று புரிந்துகொண்டான். மேசையில் கிடந்த, வெட்டுப் பிசகிய ஒரு ஹெட்லைட் ஸ்டிக்கரில் கையெழுத்துப் போட்டு, குனிந்து மரியாதையாக நீட்டினான். அம்மா அதை வாங்கி வேதாகமத்தில் வைக்கிற மாதிரி கைப்பைக்குள் பத்திரப்படுத்தினார்.

பிரச்சினை தீர்ந்தது என்றுதான் நினைத்தேன். எங்கே! அம்மா ஜன்னல் வழியாகக் காருக்குள் எட்டிப் பார்த்தார். ஓட்டுகிறவனைச் சுற்றிக் கைத்தண்டை கனத்துக்கு இரும்புக் குழாய்கள், உடம்பை அள்ளிப் பிடிக்கிற ஒற்றை இருக்கை, அதில் தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, காலிடுக்கிலும் என்று பட்டைகள்.

“இந்தக் கூண்டாலயா அவன் பொழச்சான்?”

“கூண்டாலயும், இந்த பெல்ட்டாலயும்.”

“ஒனக்க வண்டியில கூண்டு உண்டுமா?”

இரண்டும் ஒன்றில்லை என்று காட்டுவதற்காகக் கூட்டிவந்தவன் நான். “அதுல லைட்டு எரியும்மா” என்று சொல்லிச் சிரித்தேன். வெய்ன் எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாமலே சேர்ந்து சிரித்தார். அம்மா சிரிக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் எஸ்தருக்கென்று பொருத்தியிருந்த குழந்தை இருக்கையைக் காரிலிருந்து கழற்றிவந்து, வெயிலில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா பக்கத்தில் வந்து குந்தினார். பட்டைகளை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். தோளுக்கு இரண்டு, இடுப்புக்கு இரண்டு, காலிடுக்கில் ஒன்று.

“இது அந்தப் பையனுக்க சீட்டுல கெடந்ததுல்லா?”

நான் அதுவரை யோசித்ததே இல்லை. மூக்கும் மடிப்பும் விளக்கும் ஒன்று என்று ஊருக்கெல்லாம் படம் காட்டியவனுக்கு, இரண்டு காருக்கும் உள்ளே உண்மையாக ஒத்துப்போவது இது ஒன்றுதான் என்று தெரியவில்லை. அம்மா கொக்கியை மாட்டினார், இழுத்துப் பார்த்தார், கழற்றினார், மறுபடி மாட்டினார். பிறகு தரையைப் பார்த்தபடி சொன்னார்.

“ஒங்க அப்பா பொறகால சீட்டுல இருந்தாவ. பொறகால இருக்கவங்க பெல்ட்டு போடணும்னு ஆருக்குத் தெரியும்? முன்னால இருந்தவங்க ரெண்டுபேரும் போட்டிருந்தாவ மக்களே. நான் ஒருநாளும் சொல்லல அவியகிட்ட.”

“எனக்கும் தெரியாதும்மா. நானும் சொல்லல” என்றேன். அப்பா போனபோது விடுப்புக் கிடைத்து நான் வந்து சேர மூன்று நாள் ஆனது. அன்று சேர்ந்து அழாததை அந்தச் சனிக்கிழமை, வட கரோலினாவில் ஒரு புல்தரையில், குழந்தை இருக்கையை நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் அழுது தீர்த்தோம்.

ஞாயிறு காலையில் அம்மா வெள்ளைப் புடவையில் வந்து காரின் பின்கதவைத் தானே திறந்தார். எஸ்தரின் பட்டைகளைச் சரிபார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்து தன் பெல்ட்டை மாட்டி, இரண்டு முறை இழுத்துப் பார்த்துவிட்டு, “ம், போ மக்களே. மெதுவாப் போ” என்றார். நல்ல பகல்தான். இருந்தாலும் நான் ஹெட்லைட்டைப் போட்டேன். எதிரே கராஜ் கதவில் வெளிச்சம் விழுந்தது. “எரியுது” என்றார் அம்மா, திருப்தியாக.

அவர் ஊருக்குத் திரும்பி ஒரு வாரம் ஆகிறது. வழியனுப்பப் போனபோது, விமான நிலையத்தில் காரிலிருந்து இறங்கியதும், காலியான தன் இருக்கையின் மேல் பெல்ட்டை இழுத்து மறுபடி மாட்டிவிட்டுத்தான் கதவைச் சாத்தினார். நான் அதைக் கழற்றவில்லை. இங்கே கைக்குழந்தையின் இருக்கையைப் பின்பக்கம் பார்த்துத்தான் வைக்க வேண்டும். இன்று மாலையும் நான் வரப்போகிற சாலையைப் பார்த்து ஓட்டினேன், என் மகள் விட்டுவந்த சாலையைப் பார்த்துக்கொண்டு வந்தாள். அவள் பக்கத்தில், யாரும் இல்லாத இருக்கையை அம்மாவின் பெல்ட் இறுகப் பிடித்துக்கொண்டிருந்தது.