படியில்லாத வீடு

கடியப்பட்டணத்துக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்த ஒரு செம்மண் மேட்டில், நல்ல வெயிலில் ஒரு பெண் ஆஸ்பத்திரிக் கட்டிலில் மல்லாந்து கிடந்தாள். சுற்றிச் சுவரில்லை, மேலே கூரையில்லை. மீன் விற்றுவிட்டுத் திரும்பிய பெண்கள் நின்று வேடிக்கை பார்த்தார்கள். ஒருத்திக்குப் பொறுக்கவில்லை.

“மக்கா, நீ வீடு கெட்ட வந்தியா, ஒறங்க வந்தியா?”

கட்டிலில் கிடந்த ஜிஷா சிரித்தாள். கருங்கல் வட்டாரத்தில் கல்ஃப் பணத்தில் எழும்பிய வீடுகள் பலவற்றுக்கு வரைபடம் போட்டவள் அவள். இந்த முறை கட்டப்போவது, இனி குணமாகாது என்று ஆஸ்பத்திரி திருப்பி அனுப்பியவர்களுக்கான பராமரிப்பு இல்லம். அங்கே யாரும் நின்று பார்க்கப் போவதில்லை, கிடந்துதான் பார்ப்பார்கள். அதனால் அறை வரவேண்டிய ஒவ்வொரு இடத்துக்கும் கட்டிலை உருட்டிப்போய், படுத்துப் பார்த்த பிறகே கோடு போட்டாள். தலையைத் தூக்காமல் கடல் தெரிய வேண்டுமானால் ஜன்னல் முழங்கால் உயரத்தில் தொடங்க வேண்டும். கம்பி கண்ணுக்கு நேரே குறுக்கே ஓடக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, கட்டில் அப்படியே கதவைத் தாண்டி உருண்டு, முற்றத்துப் புன்னை மரத்தடியில் போய் நிற்க வேண்டும்.

இந்தக் கடைசி விஷயம் சிலுவைதாசனுக்குக் கொடுத்த வாக்கு. மீன்பிடிக்கப் போன வள்ளத்தில் விழுந்து முதுகெலும்பு ஒடிந்த நாளிலிருந்து அவருக்கு உள்ளறைப் படுக்கைதான். இப்போது சிறுநீரகமும் கைவிட்டிருந்தது. ஸ்கூட்டரில் வீடு வீடாகப் போய் இப்படிப்பட்டவர்களைக் கவனிக்கும் நர்ஸ் ரீத்தா, இல்லம் முடிந்தால் வருவீர்களா என்று அவரைக் கேட்டாள். வள்ளங்கள் கரைக்கு வரும் நேரத்தில் தான் வெளியே, காற்றில் இருக்க வேண்டும் என்றார் அவர். ஜன்னல் வழியாகப் பார்ப்பதெல்லாம் கணக்கில் சேராது. “இல்லேன்னா எனக்க வீட்டுலயே கெடந்து செத்துப்போறேன்.”

வேலை தொடங்கியது. நடுவில் தங்கை கல்யாணத்துக்காக ஜிஷா ஒரு வாரம் வரவில்லை. திரும்பி வந்தபோது, வரைபடத்தில் மண்ணோடு ஒட்டியிருந்த தரைமட்டம் இடுப்புயரத்துக்கு ஏறி நின்றது.

இந்தப் பக்கத்தில் ஒரு வீட்டின் கௌரவம் அதன் தரை உயரத்தில் இருக்கிறது. வாசலில் படி கூடக் கூட மதிப்பும் கூடும். காண்டிராக்டர் அனில்குமார் தொழிலில் ஒரு குறையும் வைக்காதவர். கல்லும் கூலியும் தன் கையிலிருந்து போட்டு, பிரியத்தோடு நாலு வரிசை கூடுதலாக ஏற்றியிருந்தார்.

“நல்ல காரியத்துக்குக் கெட்டுறது மேடம். கீழ கெடந்தா நாலு பேரு என்ன சொல்லுவா?”

உயரத்திலிருந்து கடல் இன்னும் நன்றாகத் தெரியுமே, அப்படியே இருக்கட்டும் என்றது இல்லத்தின் கமிட்டி. சாய்தளம் வைத்தால் போயிற்று என்றார் அனில்குமார். மேட்டில் வெள்ளம் ஏறாது, மழைத் தண்ணீருக்குச் சுற்றிலும் ஓடை இருக்கிறது, உயரத்துக்குத் தேவையே இல்லை என்று ஜிஷா சொல்லிப் பார்த்தாள். எடுபடவில்லை. கடைசியில், தரை விளிம்பில் பலகைகளைச் சாய்த்துப் போடக் கொத்தனார்களிடம் சொல்லிவிட்டு அனில்குமார் பக்கம் திரும்பினாள்.

“அண்ணா, கட்டில்ல படுங்க.”

“நானா?”

“நீங்கதான். கால அசைக்கப்பிடாது.”

அவர் படுத்தார். ஜிஷாவும் ரீத்தாவும் கட்டிலைத் தள்ளினார்கள். பாதி ஏற்றத்தில் சக்கரம் நின்றது, பிறகு பின்னோக்கி வழுக்கியது. அனில்குமார் இரண்டு பக்கக் கம்பியையும் இறுகப் பிடித்துக்கொண்டார். கொத்தனார்கள் சிரித்தார்கள். ரீத்தா சிரிக்கவில்லை. “ராத்திரி டூட்டில நான் ஒருத்திதான் அண்ணா இருப்பேன்” என்றாள் மூச்சு வாங்க.

“எறக்குங்க” என்றார் அவர். இறங்கியதும் கடப்பாரையை எடுத்து முதல் கல்லைத் தானே பெயர்த்தார். மண்ணும் தரையும் ஒன்றாகும்வரை வேலை நிற்கவில்லை.

இல்லம் திறந்த மறுநாள் காலையில் சிலுவைதாசனின் கட்டிலை ரீத்தா ஒருத்தியே தள்ளிக்கொண்டு வந்தாள். கதவைத் தாண்டியபோது ஒரு குலுக்கல்கூட இல்லை. மேலே புன்னை இலை அசைந்தது. அவர் கண்ணைச் சுருக்கிக் கடலைப் பார்த்தார்.

“அது ஜெஃப்ரினுக்க வள்ளம். பய சும்மா வாறான்.”

அவ்வளவு தூரத்திலிருந்து எப்படித் தெரிகிறது என்று கூடவே நடந்து வந்த ஜிஷா கேட்டாள்.

“மீனிருந்தா தாந்துல்லா வரும்? பாரு, எப்பிடி மெதக்குதுன்னு.”

வாசலில் பேச்சுச் சத்தம் கேட்டது. கல்ஃபிலிருந்து வந்த ஒருவரை அனில்குமார் கூட்டி வந்திருந்தார். வயதான அம்மாவுக்காக வீடு கட்டப்போகிறவராம். வந்தவர் எதையோ தேடுவதுபோல் வாசலடியில் பார்த்தார்.

“என்ன அனிலு, படியே இல்லியே?”

“ஒண்ணுகூடக் கெடையாது” என்றார் அனில்குமார் நெஞ்சை நிமிர்த்தி. “அதுக்குத்தான் ஒம்மள இங்க கூட்டிட்டு வந்தேன். எங்க மேடம் வரைஞ்சது, நான் கெட்டுனது.”

ஜிஷா திரும்பவில்லை, ஆனால் காது முழுக்க அங்கேதான் இருந்தது. கட்டிலிலிருந்து சிலுவைதாசனின் குரல் வந்தது.

“மக்கா, இன்னும் கொஞ்சம் முன்னால தள்ளு. அடுத்த வள்ளம் வருது.”

ஜிஷாவே தள்ளினாள். ஒரு கை போதுமாக இருந்தது.