பெரட்டில் சொல்லும் பதில்

மலாயாவில் அவசரகாலம் அது. காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசியோ மருந்தோ போகக்கூடாதென்று கெடாவில் எங்கள் ரப்பர் தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டிருந்தார்கள். என் மனைவிக்குக் கழுத்தில் புற்றுநோய்க் கட்டி. டவுன் ஆஸ்பத்திரியில் புது மாத்திரை ஒன்றைச் சிலருக்குக் கொடுத்துச் சோதித்துப் பார்த்தார்கள். அவளும் சம்மதித்துச் சேர்ந்தாள். வாராவாரம் போய்க் காட்டவேண்டும். வேலிக் கேட்டில் எங்களைத் தடவிப் பார்த்து முடிப்பதற்குள் டவுனுக்குப் போகும் லோரி போய்விடுமோ என்று எட்டி எட்டிப் பார்ப்பேன்.

மூன்றாவது வாரம் சாப்பிட்டதையெல்லாம் வாந்தியெடுத்தாள்.

"டாக்டர் கேட்டா ஒண்ணும் இல்லன்னு சொல்லு. இல்லாட்டி பேர வெட்டிருவாங்க" என்றேன்.

காலைப் பெரட்டில் ஆள் கணக்கெடுக்கும்போது, காய்ச்சலோடு நின்றாலும் நாங்கள் அப்படித்தான் சொல்வோம். உண்மையைச் சொன்னால் அன்றைக்கு வேலை கிடையாது.

ஆஸ்பத்திரியில் நர்ஸம்மா கேட்டபோது அவளும் அப்படியே சொன்னாள். சொல்லி வாய் மூடுவதற்குள் நர்ஸம்மாவின் மேசையிலேயே வாந்தியெடுத்துவிட்டாள்.

நர்ஸம்மா தமிழர். என் பக்கம் திரும்பினார். "ஏண்ணே மறைச்சீங்க? இது பெரட்டு இல்ல லா. மருந்து என்ன செய்யுதுன்னு இவங்க சொன்னாத்தானே எங்களுக்குத் தெரியும்?"

பெயரை வெட்டவில்லை. மாத்திரையைக் குறைத்தார்கள். எப்போது வாந்தி, எத்தனை தடவை என்று நர்ஸம்மா கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டார். கட்டி மெல்லச் சுருங்கியது. இன்னும் இரண்டு தீபாவளி அவள் என்னோடு இருந்தாள்.

எத்தனையோ வருஷம் பெரட்டில் நின்றிருக்கிறேன். அங்கே எங்கள் பெயரை எழுதுவார்கள். எங்கள் வலியை ஒருவர் உட்கார்ந்து எழுதியதை அந்த மேசையில்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அதைத்தான் நான் மறைக்கச் சொன்னேன்.